பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டதே, அப்புறம் எதற்கு ஆஸ்பத்திரி?

கேள்வி: காபித் தோட்டத்தில் வேலை பார்க்கும் என் அப்பாவுக்கு வயது 58. நேற்றுக் காலை டீ குடிக்கும்போது டம்ளர் இடது கையிலிருந்து நழுவி விழுந்தது, வாய் குழறியது. பத்து நிமிடத்தில் சரியாகி, மிளகு பறிக்கக் கிளம்பிவிட்டார். பனிக்காற்று பட்டதுதான் என்கிறார். மலையிறங்கித்தான் ஆக வேண்டுமா?
- வாசகி, ஏற்காடு

பதில்: உடனே மலையிறங்கி ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குப் போனில் சொல்லியாயிற்று, மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன். பனிக்காற்றின் மேல் பழியைப் போடாதீர்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்து, தானாகவே விலகியிருந்தால் இப்படித்தான் வந்துவிட்டுப் போகும். டாக்டர்கள் டிஐஏ என்பார்கள், சின்னப் பக்கவாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து பெரியதாக வரும் ஆபத்து முதல் 2 நாட்களில்தான் அதிகம். இப்படி வந்தவர்களை உடனே பரிசோதித்து அன்றே மாத்திரையை ஆரம்பித்தபோது, மறுபடி பக்கவாதம் வருவது ஏறக்குறைய 80 சதவீதம் குறைந்ததை ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த ஆய்வு 2007-லேயே காட்டிவிட்டது. ஸ்கேன், சுகர், பிரஷரோடு ஈசிஜியும் கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேனும் எடுக்கச் சொல்லுங்கள். இதயம் தாளம் தப்பித் துடிக்கிற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தால் பக்கவாத ஆபத்து 5 மடங்கு, அது வெளியே தெரியாமலே இருக்கும்.

மறுபடி வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் முதலில் மணியைப் பாருங்கள். கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள்தான் வழக்கமாகக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவார்கள், அதில் 20 கொண்டை ஊசி வளைவும் சேலம் டிராஃபிக்கும் சேர்ந்து எவ்வளவு தின்னும் என்று உங்களுக்கே தெரியும். பெரிய குழாய் அடைப்பு என்றால், சிலருக்கு 16 மணி நேரம் வரை, ஏன் 24 மணி நேரம் வரை கூட கட்டியை உறிஞ்சி எடுக்கலாம் என்று 2018-ல் வந்த இரண்டு ஆய்வுகள் சொல்கின்றன, அதற்காக விடியட்டும் என்று படுத்துவிடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். தண்ணீர்கூட வாயில் ஊற்ற வேண்டாம், புரையேறும். ஆஸ்பிரினும் கொடுக்காதீர்கள், அடைப்பா ரத்தக்கசிவா என்பது சிடி ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். புறா ரத்தம் தேய்க்கலாம் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: தலைவலி, கிறுகிறுப்பு எதுவுமே இல்லை. 150-க்கு 96 என்று பிரஷர் மாத்திரை எழுதிவிட்டார்கள். 44 வயதில் அவசியமா? தட்டுவடை செட்டையும் விட வேண்டுமா?
- வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: பிரஷர் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. 32 நாடுகளில் நடத்தி 2016-ல் வெளியான இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வின் கணக்குப்படி, பக்கவாதங்களில் சுமார் 90 சதவீதத்துக்கு நாம் மாற்றிக்கொள்ளக்கூடிய 10 காரணங்கள்தான் பின்னணி, அதில் பிரஷர் மட்டுமே கிட்டத்தட்ட பாதி. அளவு திரும்பத் திரும்ப இப்படியே இருந்தால் மாத்திரையைப் போடுங்கள், அளவு இறங்கியதும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தட்டுவடை செட் எப்போதாவது என்றால் சரி, எனக்கும் பிடிக்கும். தினமும் தட்டில் விழுகிற ஊறுகாய், அப்பளம், கருவாட்டைத்தான் குறைக்க வேண்டும். சீனாவில் 600 கிராமங்களில், ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களுக்கும் பிரஷர் உள்ள முதியவர்களுக்கும் உப்பில் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்து கொடுத்ததில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்ததாக 2021-ல் சொன்னார்கள். ஆனால் கிட்னி கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அந்த உப்பைத் தொடக்கூடாது.

அப்புறம், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றிவிட்டுக் கையை நீட்டுங்கள். மாடிப்படி ஓடி இறங்கி வந்து காட்டிவிட்டு மிஷின் தப்பு என்று அவர்களோடு சண்டை போடாதீர்கள்.