செம்பூர் வாடகை வீட்டுக்குக் கேபிளா, டிஷ்ஷா?

கேள்வி: மும்பை செம்பூரில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். 11 மாத அக்ரிமெண்ட், போன மாதம்தான் போட்டது. நான், கணவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் மாமியார். கேபிளுக்கு ஹால் டிவிக்கு 460, பிள்ளைகள் அறையில் இருக்கும் ஸ்மார்ட் டிவிக்கு 320 என்று மாதம் 780 ரூபாய் போகிறது. ரொக்கமாக வாங்கிக்கொண்டு போகிறார்கள், ரசீது கிடையாது. இப்போது ஒரு டிஷ் ஏஜெண்ட் வந்து, மாதம் 390 ரூபாய், வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 4,200 என்கிறார். பாதிப் பணம் மிச்சம், மாறிவிடலாம் என்கிறார் கணவர். எங்கள் பால்கனி மேற்குப் பார்த்தது. பிராட்பேண்ட் ஏற்கனவே இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, செம்பூர்

பதில்: பணத்தைக் கட்டிவிடாதீர்கள், ஒரு வாரம் பொறுங்கள். பாதி மிச்சம் என்ற கணக்கு சரியில்லை. நீங்கள் கொடுக்கும் 780 இரண்டு டிவிக்கு. ஏஜெண்ட் சொல்லும் 390 அநேகமாக ஒரு டிவிக்கு. இரண்டாவது டிவிக்கு இன்னொரு பாக்ஸ் வாங்க வேண்டும், அதற்குத் தனியாக மாதக் கட்டணமும் உண்டு. ஹால் டிவியை மட்டும் எடுத்துக்கொண்டால் 460-க்கும் 390-க்கும் உள்ள வித்தியாசம் 70 ரூபாய்தான்.

கேபிளோ டிஷ்ஷோ, பில்லில் மூன்று பகுதிகள் இருக்கும். ஒன்று, இணைப்புக்கான அடிப்படைக் கட்டணம். இரண்டு, கட்டணச் சேனல்களின் விலை. மூன்று, இரண்டையும் சேர்த்து அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019-இல் வரம்பு வைத்தது. வரியோடு 153 ரூபாய் 40 காசு. 2020-இல் அதே தொகைக்கு 200 சேனல் என்றும், ஒரே வீட்டின் இரண்டாவது டிவிக்கு அந்தக் கட்டணத்தில் 40 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் ஆனது. 2024 ஜூலையில் இந்த வரம்புகளை எடுத்துவிட்டார்கள். இப்போது அதைக் கம்பெனியே முடிவு செய்கிறது. அதனால்தான் மொத்தத் தொகையைக் கேட்டுவிட்டுத் தலையாட்டக் கூடாது என்கிறேன். உங்கள் கேபிள்காரரிடமும் ஏஜெண்டிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: அடிப்படைக் கட்டணம் எவ்வளவு, சேனலுக்கு எவ்வளவு, வரி எவ்வளவு?

ரசீது இல்லாமல் இனி ஒரு மாதம்கூடக் கொடுக்காதீர்கள். கேபிள் பாக்ஸின் அடியில் ஒட்டியிருக்கும் அல்லது மெனுவில் தெரியும் விசி நம்பரை, அதாவது உங்கள் இணைப்பின் அடையாள எண்ணைக் குறித்துக்கொண்டு, பாக்ஸ் கொடுத்த கம்பெனியின் கஸ்டமர் கேரில் கேட்டால், உங்கள் பெயரில் எந்த பேக் ஓடுகிறது என்று சொல்லிவிடுவார்கள். வீட்டுக்கு வந்து வாங்கும் தொகையும் அதுவும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

அடுத்து, யார் எதைப் பார்க்கிறார்கள் என்பது. என் அம்மா எங்களோடு மாட்டுங்காவில் இருந்தபோது, டிவிக்குப் பக்கத்தில் தொங்கிய தினசரி காலண்டரில் ஒரு வாரம் பென்சிலால் குறித்தோம். கிழிக்கும் தாளின் பின்பக்கத்தில் அன்று ஓடிய சேனல்களின் பெயர், அவ்வளவுதான். ஏழு தாளையும் எடுத்து வைத்துப் பார்த்தால் மொத்தம் ஒன்பது சேனல். அதில் ஐந்து தமிழ், அதிலும் மூன்று ஒரே நிறுவனத்துடையவை. நாங்களோ இந்தி சினிமா பேக், மராத்தி பேக், இரண்டு ஸ்போர்ட்ஸ் பேக் என்று மாதாமாதம் கட்டிக்கொண்டிருந்தோம். மும்பையில் ஆயத்தமாகக் கொடுக்கும் பேக் இந்திக்கும் மராத்திக்கும் போட்டது. தமிழை அதன் தலையில் கூடுதலாக ஏற்றுவார்கள். உங்கள் 460-லும் அந்தச் சுமை இருக்க வாய்ப்பு அதிகம்.

அந்த வாரக் குறிப்பை வைத்துத் தமிழ்ச் சேனல்களை மட்டும் கேட்டு வாங்குங்கள். ஒரே நிறுவனத்தின் மூன்று நான்கு சேனல்களைப் பார்க்கிறீர்கள் என்றால் அவர்களுடைய பேக் லாபம். பேக்கில் சேர்க்கும் சேனல் எதுவும் 19 ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது, தனித்தனி விலையின் கூட்டுத்தொகையில் 45 சதவீதம் வரை அவர்கள் தள்ளுபடி தரலாம். 19 ரூபாய்ச் சேனல் நான்கைத் தனியாக வாங்கினால் 76 ரூபாய், முழுத் தள்ளுபடியோடு பேக்காக வந்தால் 41 ரூபாய் 80 காசு. ஒரு நிறுவனத்தில் ஒரே ஒரு சேனல்தான் பார்ப்பீர்கள் என்றால் அதை மட்டும் தனியாக எடுங்கள். எச்டி வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். ஹாலில் இருப்பது சின்ன டிவி என்றால் அதற்குத் தனிக் காசு வேண்டாம்.

உதாரணத்துக்கு அடிப்படைக் கட்டணம் 130, சேனல்கள் 120 என்று வைத்துக்கொண்டால் 250, வரியோடு 295. உங்கள் கேபிளிலேயே, பாக்ஸை மாற்றாமலே, 460 இப்படி இறங்கக்கூடும்.

சரி, டிஷ்ஷுக்கு வருவோம். டிஷ் என்றால் படம் தெளிவு என்பது பழைய பேச்சு. மும்பையில் 2012 நவம்பரிலிருந்து கேபிளும் டிஜிட்டல்தான். பார்க்க வேண்டியது திசை. டிடிஎச், அதாவது வீட்டு டிஷ்ஷுக்கு நேரடியாகச் சேனல் அனுப்பும் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே, மும்பைக்குக் கிழக்கே நிற்கின்றன. இங்கிருந்து டிஷ் தென்கிழக்குப் பார்க்க வேண்டும், நடுவில் கட்டடமோ மரமோ மறைக்கக் கூடாது. உங்கள் மேற்குப் பால்கனியில் அது நடக்காது. மொட்டை மாடியில் வைக்க சொசைட்டி செக்ரட்டரியின் அனுமதி வேண்டும், வீட்டுக்காரரின் சம்மதமும் வேண்டும். டாடா ப்ளே, ஏர்டெல், டிஷ் டிவி, சன் டைரக்ட், எதுவானாலும் இதே கதைதான். மாத வாடகையே இல்லாத டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கும் திசை இதுதான். அதில் தமிழ்ச் சேனல்களும் குறைவு, உங்கள் மாமியாருக்கு அது போதாது.

அப்புறம் மழை. டிஷ்ஷுக்கு வரும் கேயு பேண்ட் அலையைக் கனமழை உறிஞ்சிவிடும். கேபிள்காரர்களின் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் பெரிய டிஷ்கள் பெரும்பாலும் சி பேண்டில் வாங்குகின்றன, அது மழையை நன்றாகத் தாங்கும். எங்கள் வீட்டில் ஒரு ஜூலை சாயங்காலம், சீரியல் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது படம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிட்டது. மழை விடும்வரை அம்மா அந்த நீலத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் மதுரையில் இருக்கும் சித்திக்கு போன் போட்டுத்தான் மீதிக் கதையைத் தெரிந்துகொண்டார். ஊரைவிட்டு வந்து, வெளியே பேச்சுத்துணை இல்லாத பெரியவர்களுக்குச் சாயங்காலம் சீரியல் பார்க்கும் அந்த இரண்டு மணி நேரம் பெரிய விஷயம். கேபிளும் குற்றமில்லாதது அல்ல. மழைக்கு முன்னால் தெருவைத் தோண்டும்போது ஒயரை அறுத்துவிடுவார்கள். ஆனால் கூப்பிட்டால் வர உள்ளூரில் ஆள் இருக்கிறது.

வருடக் கட்டணம் இருக்கிறதே, அது கெட்ட யோசனை அல்ல. மாதம் 390 என்றால் வருடத்துக்கு 4,680, முன்னாலேயே 4,200 கட்டினால் 480 மிச்சம். முன்பணத்துக்கு இது வருடத்துக்கு 20 சதவீதத்துக்கு மேல் வட்டி கிடைத்த மாதிரி, எந்த பேங்க் டெபாசிட்டும் இவ்வளவு தராது. ஆனால் 4,200-ஐ 390-ஆல் வகுத்தால் பத்தே முக்கால் மாதம் வரும். அதற்கு முன் இணைப்பு நின்றுபோனால் நஷ்டம். உங்கள் அக்ரிமெண்டில் மீதி இருப்பது 10 மாதம். டிஷ்ஷைக் கழற்றிப் புது வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்பார்கள், உண்மைதான். ஆனால் அங்கேயும் தென்கிழக்கு திறந்திருக்க வேண்டும், கழற்றி மாட்டுவதற்கும் கட்டணம் கேட்பார்கள்.

ஆகவே என் யோசனை: ஹாலில் கேபிளே இருக்கட்டும், தமிழ்ப் பட்டியலோடு. மாமியாருக்குப் பழகிய ரிமோட்டை மாற்ற வேண்டாம். பிள்ளைகள் அறையின் இணைப்பை எடுத்துவிடுங்கள். அது ஸ்மார்ட் டிவி, பிராட்பேண்டும் இருக்கிறது. சன் நெக்ஸ்ட், ஜியோஹாட்ஸ்டார் போன்ற ஆப்களில் அவர்களுக்கு வேண்டியது கிடைக்கும். உங்கள் பிராட்பேண்ட் பிளானிலேயே ஏதாவது ஓடிடி சேர்ந்து வருகிறதா என்று முதலில் பாருங்கள், அதற்குப் பிறகு சந்தா கட்டலாம். பாக்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது டெபாசிட் கொடுத்திருந்தால் கேட்டு வாங்குங்கள். நாளைக்குச் சொந்த வீடு வாங்கி, தெற்கோ கிழக்கோ திறந்த பால்கனி அமைந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது டிஷ் பக்கம் சாய்வேன்.

பிள்ளைகள் அறைக்குக் கொடுத்த 320 ரூபாய் மிச்சமாகும். ஆப் சந்தா தேவைப்படாவிட்டால் அதை அப்படியே போஸ்ட் ஆபீஸ் ஆர்டியில் மாதாமாதம் போடுங்கள். 5 வருடத்தில் நீங்கள் கட்டியிருப்பது 19,200. 6.7 சதவீத வட்டியில் கைக்கு வருவது 22,800 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். செம்பூர் போஸ்ட் ஆபீசுக்குப் போகும்போது ஆதார், பான் இரண்டையும் எடுத்துப் போங்கள். கணக்கை மாமியார் பெயரில் தொடங்கினாலும் எனக்குச் சந்தோஷம்தான்.