கலப்புக் கிடாரிக்கு முதலில் வேலி, பிறகு மருந்து

கேள்வி: 40 நெடுங்கொம்பு அங்கோலே பசுக்கள் வைத்திருக்கிறோம். பால் போதாமல் ப்ரீசியன் என்ற கறவை இனச் சினை ஊசி போட்டோம். பிறந்த 6 கலப்புக் கிடாரிகளில் இரண்டு, காதடியில் நெறி கட்டி, கடும் காய்ச்சலில் மூச்சுத் திணறிச் செத்தன. கூடவே மேயும் அங்கோலேக்கு ஒன்றுமில்லை. மாதாமாதம் மருந்து மாற்றியும் உண்ணி சாகவில்லை. எந்த மருந்து நல்லது? கலப்பை விட்டுவிட்டு ருவாண்டாவின் இன்யாம்போ காளை வாங்கலாமா? — கிருஹுரா, உகாண்டா.

பதில்: காளைப் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். இன்யாம்போ ருவாண்டா அரசவைக்காகக் கொம்பும் நடையும் பார்த்துப் பொறுக்கியெடுத்த மாடு. நியான்சா அரண்மனையில் இன்றும் நிற்கிறது. அதை வாங்கினால் பால் பெருகாது. கிழக்குக் கொங்கோவின் பாஷி வகையும் பாலுக்கு ஆகாது. உங்கள் ஊர் அங்கோலேயான பாஹிமா வகையிலேயே நல்ல காளை கிடைக்கும்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் கிழக்குக் கரைக் காய்ச்சலுக்குரியவை. காதில் கடிக்கும் பழுப்பு உண்ணி பரப்புவது. அங்கோலே கன்றுகள் சிறுவயதிலேயே கடிபட்டு, பிழைத்தவை எதிர்ப்பு பெற்றுவிடுகின்றன. அதே உண்ணிதான் புல்லில் உதிர்ந்து கலப்புக் கிடாரிமேல் ஏறுகிறது. எந்த மருந்து என்று கேட்பதற்கு முன், ஏன் இரண்டையும் ஒரே பட்டியில் மேய்க்கிறோம் என்று கேட்டிருக்க வேண்டும். கலப்புக்குத் தனி வேலி போடுங்கள், அங்கோலே அதற்குள் நுழையவே கூடாது. அங்கோலேக்கு அடிக்கடி மருந்தடிக்காதீர்கள். அடித்தால் அடுத்த ஈற்றுக் கன்றுகளுக்கு அந்த எதிர்ப்பு வராமலே போகும்.

இனி மருந்து. கடைக்காரர் மாதாமாதம் தந்த டப்பிகளின் பின்பக்கத்தைப் படியுங்கள். சைபர்மெத்ரின், ஆல்பா சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றுக்குச் சாகாத உண்ணி மற்றதற்கும் பெரும்பாலும் சாகாது. புது லேபிள் விற்பவருக்குத்தான் லாபம். வேறு குடும்பமான குளோர்பைரிபாஸ் சேர்த்த கலவையையும் இதே கதையாக்கி, தென்மேற்கு உகாண்டாவில் பல மருந்துகளைத் தாங்கும் உண்ணியை வளர்த்துவிட்டார்கள். வயிறு புடைத்த உயிருள்ள பெண் உண்ணிகளை, காற்றுத் துளையிட்ட டப்பாவில் கால்நடை மருத்துவர் வழியாக எதிர்ப்புச் சோதனைக்கு அனுப்புங்கள். எந்தக் குடும்பம் கொல்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள். அது தோற்றால் மட்டும் குடும்பம் மாற்றுங்கள்.

சோதனை அமிட்ராஸ் என்ற வேறு குடும்ப மருந்தைக் காட்டினால் 12.5 சத மருந்துக்கு 20 லிட்டர் தண்ணீரில் 40 மி.லி. வளர்ந்த மாட்டுக்கு 5 லிட்டர். அதாவது 20 லிட்டர் கலவை நாலு மாட்டுக்கு மேல் வராது. ஒரே டாங்கியில் பத்து மாட்டை நனைப்பதுதான் ஊர் வழக்கம். மருந்தைத் தாங்க உண்ணிக்கு அது பயிற்சி. காதின் உட்புறம், வாலடி, மடி, குளம்பிடுக்கு நனைய வேண்டும். கடித்த உண்ணி நோயைச் செலுத்தச் சில நாள் பிடிக்கும் என்பதால், கலப்புக்கு வாரம் இருமுறை அடியுங்கள்.

நெறி கட்டியதும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஊசியோடு நிறுத்திவிடாதீர்கள். நோய் வெளிப்பட்ட பின் அது காப்பாற்றாது. போட வேண்டிய மருந்து பூபார்வகோன், கிலோ எடைக்கு 2.5 மி.கி., கழுத்துத் தசையில். தேவைப்பட்டால் 48 மணி நேரம் கழித்து மறுபடி. மூச்சிரைப்பு வந்தபின் போட்டால் பயன் குறைவு. மீதி நாலு கிடாரிக்கும் இந்தக் காய்ச்சலுக்கான முகுகா தடுப்பூசி கேளுங்கள். திரவ நைட்ரஜனில் வைத்திராத குப்பியை வாங்காதீர்கள். அதனுடன் நீண்டநேர ஆக்ஸிடெட்ராசைக்ளினும் அதே வேளையில் போட வேண்டும். இல்லையென்றால் தடுப்பூசியே நோயாகிவிடும்.