110-இல் நிற்கும் வேகத்துக்கு ரவுட்டர் காரணமா?

கேள்வி: வீட்டில் கற்றுக்கொள்வதற்காக ஒரு சர்வரும் நாஸும் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) வைத்திருக்கிறேன். இணைய இணைப்பு 1 ஜிபிபிஎஸ், அதாவது நொடிக்கு 100 கோடி பிட். நாஸிலிருந்து சர்வருக்குக் கோப்பு நகலெடுத்தால் நொடிக்கு 110 மெகாபைட்டைத் தாண்டுவதே இல்லை. விற்பவர் ‘10 ஜி’ (10 ஜிபிபிஎஸ்) வைஃபை ரவுட்டர் ஒன்றை வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட் என்பதால், 1 ஜிபிபிஎஸ் கேபிளில் நடைமுறையில் நொடிக்கு 110 முதல் 118 மெகாபைட் வரைதான் போகும். அதாவது, உங்கள் போர்ட் ஏற்கெனவே முழு வேகத்தில் ஓடுகிறது. நாஸும் சர்வரும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் அந்தக் கோப்பு ரவுட்டரின் பிராசஸரைத் தொடுவதே இல்லை, கருவிகளைக் கேபிளால் இணைக்கும் ஸ்விட்சோடு திரும்பிவிடும். உங்களுக்கு வேண்டியது வேகமான ஸ்விட்சும் இரண்டு பக்கமும் அதற்கேற்ற நெட்வொர்க் கார்டுகளும்தான். நாஸில் இருப்பது ஒற்றை ஹார்ட் டிஸ்க் என்றால் அதுவே 200 மெகாபைட்டை ஒட்டி மூச்சு வாங்கிவிடும். அதற்கு 2.5 ஜிபிபிஎஸ் போதும், பழைய கேட் 5இ கேபிளையும் மாற்ற வேண்டாம்.

பெட்டியின் மேல் இருக்கும் எண்ணை நம்பவே நம்பாதீர்கள். ‘ஏஎக்ஸ் 6000’ என்றால் ஒரு அலைவரிசையின் 1148, இன்னொன்றின் 4804, இரண்டையும் கூட்டி ரவுண்டாக்கிய கணக்கு. அந்த வைஃபை ரவுட்டரோடு இணையும் எந்தக் கருவிக்கும் 6000 கிடைக்காது. ‘10 ஜி ரவுட்டர்’ என்று விற்பதில் பலவற்றைத் திருப்பிப் பார்த்தால் 10 ஜி போர்ட் ஒன்றே ஒன்று இருக்கும், மற்றவை 1 ஜி. ஒரு கை தட்டினால் ஓசை வருமா? நாஸுக்கு ஒன்று, சர்வருக்கு ஒன்று வேண்டாமா? பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு போர்ட்டின் பக்கத்திலும் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்.

அப்புறம், ஃபயர்வாலை (வந்துபோகும் தரவைச் சோதித்துத் தடுக்கும் காவல்) அணைத்துவிட்டு, பெரிய பாக்கெட்டுகளை (தரவை வெட்டி அனுப்பும் துண்டுகள்) மட்டும் அனுப்பி அளந்த வேகத்தையே பலர் விளம்பரத்தில் போடுகிறார்கள். 10 ஜிபிபிஎஸ் என்பது பெரிய பாக்கெட் என்றால் நொடிக்குச் சுமார் 8 லட்சம் பாக்கெட்டுகள். மிகச் சிறிய பாக்கெட்டில் அதுவே 1.48 கோடி. பிராசஸர் திணறுவது இங்கேதான். ரவுட்டர் தயாரிக்கும் மைக்ரோடிக் நிறுவனம், ஃபயர்வாலில் 25 ஃபில்டர் விதிகளைப் போட்டு, மூன்று பாக்கெட் அளவுகளில் சோதித்த அட்டவணையைத் தன் ரவுட்டர்களுக்கு வெளியிடுகிறது. மற்றவர்களுக்கு மட்டும் என்ன தடை? காசு கொடுத்து வாங்குகிறவருக்கு இந்த ஒரு அட்டவணையைக்கூடக் காட்டாமல் விற்பது அநியாயம்.

ஒரே ஒரு இடத்தில் நான் சொன்னது மாறும். நெட்வொர்க்கை விலான்களாக (ஒரே ஸ்விட்சுக்குள் தனித்தனி நெட்வொர்க்குகளாக) பிரித்து, நாஸை ஒன்றிலும் சர்வரை இன்னொன்றிலும் போட்டிருந்தால், இரண்டும் அடுத்தடுத்த போர்ட்டில் செருகியிருந்தாலும் ஒவ்வொரு பாக்கெட்டும் ரவுட்டர் வரை போய்த்தான் திரும்பும். அப்போது ரவுட்டரின் வேகம்தான் நகலின் வேகம். அப்போதும் அவசரப்பட வேண்டாம். நாஸில் இரண்டாவது போர்ட் இருந்தால் அதைச் சர்வரின் விலானில் சேர்த்து, அந்த முகவரி வழியாக நகலெடுங்கள். இல்லையென்றால் லேயர் 3 ஸ்விட்ச் வாங்கலாம், அது சிப்பிலேயே வழி மாற்றிவிடும். ஆனால் ஃபயர்வாலைப் போல ஒவ்வொரு இணைப்பையும் அது கண்காணிக்காது. அதனால் கேமராவும் விருந்தினர் போனும் இருக்கும் விலானை ரவுட்டரிலேயே விட்டுவையுங்கள். இந்த இரண்டும் ஒத்துவரவில்லை, நகல் ஃபயர்வால் வழியாகத்தான் போக வேண்டும் என்றால் மட்டும் புது ரவுட்டருக்குச் செலவு செய்யுங்கள்.

கார்டு வாங்கும்போதும் கவனம். இன்டெல் பெயரில் போலிகள் நிறையவே உலவுகின்றன. 10 ஜி கார்டு என்றால், வந்த அன்றே இரண்டு பக்கமும் ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் மென்பொருளை ஓட்டுங்கள், திசையை மாற்றியும் ஓட்டுங்கள். 9.4 ஜிபிபிஎஸ் பக்கம் வரவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் கெடு முடிவதற்குள் கார்டைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.