மாடி போர்ஷனுக்கு மூணு பார்ட்டி வந்திருக்காங்க, யாருக்கு விடறது?

கேள்வி: தாம்பரத்துல எங்க வீட்டு மாடி போர்ஷனை முதல் தடவையா வாடகைக்கு விடறேன். வாடகை 14,000. ஒருத்தர் பத்து மாச அட்வான்ஸை மொத்தமா கேஷா தர்றேன், இன்னிக்கே சாவி குடுங்கங்கறார். அப்புறம் புதுசா கல்யாணமான ஒரு ஜோடி, வேலைக்குப் போற மூணு பேச்சிலர் பசங்க. பசங்களே வேண்டாம், மத்தவங்களும் என்ன ஆளுங்கன்னு கேட்டுட்டு குடுன்னு நாத்தனார் சொல்றாங்க. அவர் தவறினப்புறம் தனியா இருக்கேன், பயமா இருக்கு.

பதில்: அக்கா, முதல்ல அந்த கேஷ் பார்ட்டிக்கு இன்னிக்கு சாவி குடுக்காதீங்க. 1,40,000 ரூபாயை மொத்தமா பாத்தா யாருக்கும் மனசு தடுமாறும்தான், ஆனா எங்க வேலை பாக்கறார், இப்ப எங்க குடியிருக்கார், ஏன் இவ்ளோ அவசரம்னு கேட்டு பதில் வராத வரைக்கும் அந்தப் பணம் உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்ல, நாளைக்கு அவர் காலி பண்ணும்போது அவ்ளோ பணத்தையும் நீங்கதான் புரட்டிக் குடுக்கணும்.

2019 பிப்ரவரில இருந்து தமிழ்நாட்டுல புது வாடகைச் சட்டம் அமல்ல இருக்கு. அதுப்படி அட்வான்ஸ் மூணு மாச வாடகை, உங்களுக்கு 42,000. அதுக்கு மேலன்னா ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு அக்ரிமெண்ட்ல எழுதியிருக்கணும். அக்ரிமெண்ட் எழுத்துல இருக்கணும், அதை வாடகை அதிகாரிகிட்ட பதிவும் பண்ணணும், ஆன்லைன்லயே பண்ணலாம். பதினோரு மாசம்தானே, எதுக்கும்மா பதிவுன்னு புரோக்கர் சொல்லுவார், கேக்காதீங்க, பின்னாடி ஒரு பிரச்னைன்னா கையில காட்ட அந்தப் பதிவுதான் இருக்கும்.

இப்ப ஒரு வெள்ளைப் பேப்பர் எடுத்து பேரு, வேலை, எத்தனை பேர் தங்கப் போறாங்க, இப்ப இருக்கற வீடு, அதுக்கு முன்னாடி இருந்த வீடு, ரெண்டு ஓனர் நம்பரும், ஏன் காலி பண்றாங்க, இவ்ளோதான் எழுதி ஜெராக்ஸ் எடுத்து மூணு பார்ட்டிக்கும் அதே பேப்பரைக் குடுங்க. ஆதார் கேட்டா கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியற மாஸ்க்டு ஆதாரே போதும், அதை வாங்கி ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல மட்டும் போட்டுடாதீங்க ப்ளீஸ், அது அவங்க சொந்த விஷயம். சம்பள ஸ்லிப் பாருங்க, வாடகை சம்பளத்துல மூணுல ஒரு பங்குக்குள்ள இருந்தா ஓரளவு நிம்மதி.

போன் பண்றப்ப பழைய ஓனருக்கு, அதாவது இப்ப இருக்கற வீட்டுக்கு முந்தின வீட்டுக்காரருக்கு கண்டிப்பா பண்ணுங்க. இப்ப இருக்கற ஓனர், எப்படியாவது காலி பண்ணினா போதும்னு தங்கமான புள்ளைங்கன்னு சொல்லிடலாம், பழையவருக்கு அந்த அவசியம் இல்ல. நல்லவங்களான்னு கேக்காதீங்க, எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க. மாசம் எந்தத் தேதிக்கு வாடகை வந்துச்சு, காலி பண்றப்ப ஈபி பில் பாக்கி இருந்துச்சா, அட்வான்ஸ்ல எதுக்காவது பிடிச்சீங்களா, இந்த மூணைக் கேளுங்க, பேச்சுலயே ஆள் தெரிஞ்சுடும்.

நாத்தனார் சொல்றதுல எனக்கு உடன்பாடே இல்லக்கா. என்ன ஆளுங்க, என்ன சாப்பிடுவாங்கன்னு கேட்டுட்டு வாசல்லயே திருப்பி அனுப்பறது ஒருத்தர் மனசை எவ்ளோ நோகடிக்கும்னு யோசிங்க, அதுவும் இல்லாம அந்தக் கேள்விக்கும் அஞ்சாம் தேதி வாடகை வர்றதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. பேச்சிலர்ங்கற ஒரே காரணத்துக்காகவும் வேண்டாம்னு சொல்லாதீங்க. மூணு பேர் பேரும் அக்ரிமெண்ட்ல இருக்கட்டும், ஒருத்தன் போயிட்டாலும் முழு வாடகையும் வரணும், புதுசா ஆள் வந்தா உங்ககிட்ட சொல்லிட்டுதான்னு எழுதிக்குங்க. தண்ணி மோட்டார், பைக் நிறுத்தற இடம், ராத்திரி கேட் பூட்டற நேரம் இதெல்லாம் முன்னாடியே பேசிடுங்க, நிறைய வீட்டுல சண்டை இதுலதான் ஆரம்பிக்குது.

யாருன்னு முடிவானதும் டோக்கன் அட்வான்ஸ் ஒருத்தர்கிட்ட மட்டும் வாங்கி ரசீது குடுங்க. குடிவர்ற அன்னிக்கு சுவர், குழாய், கதவு எல்லாத்தையும் ரெண்டு பேருமா போட்டோ எடுத்துக்குங்க, பெயிண்டிங்குக்கு எவ்ளோ பிடிப்பீங்கங்கறதும் அக்ரிமெண்ட்லயே இருக்கட்டும், விவரத்தை லோக்கல் போலீஸ் ஸ்டேஷன்ல குடுத்துடுங்க, தனியா இருக்கறவங்களுக்கு அது ஒரு தெம்பு. மத்த ரெண்டு பார்ட்டிக்கும் அன்னிக்கே போன் பண்ணி இல்லன்னு சொல்லிட்டு அவங்க பேப்பரைத் திருப்பிக் குடுத்துடுங்க, அவங்களும் மாசக் கடைசிக்குள்ள வேற வீடு பாக்கணும்ல.