ஓய்வுநாள் ஆசரிப்பு: ஆயரிடம் சில கேள்விகள்

ஐயா, ஓய்வுநாள் சனிக்கிழமையா, ஞாயிற்றுக்கிழமையா?

பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாள் கட்டளை சொல்வது ஏழாம் நாளை. அது வெள்ளிக்கிழமை சூரியன் மறைகையில் தொடங்கிச் சனிக்கிழமை மாலையில் முடிகிறது. ஆண்டவர் உயிர்த்தெழுந்த வாரத்தின் முதல் நாளில் சீஷர்கள் அப்பம் பிட்கக் கூடியதை அப்போஸ்தலர் 20:7-ல் காண்கிறோம். கி.பி. 321-ல் கான்ஸ்டன்டைன் பேரரசர் ஞாயிறை நகர மக்களுக்கு ஓய்வுநாளாக்கினார். உழவர்களுக்கு மட்டும் விலக்கு அளித்தார். ஏழாம் நாள் அட்வெந்து சபையார் இன்றும் சனிக்கிழமையையே ஆசரிக்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டத்து நம் நாசரேத் வட்டாரத்தில், 1857-ல் மிஷனரிகளை விட்டுப் பிரிந்த சட்டம்பிள்ளையின் சபையும் அவ்வாறே செய்தது. நான் ஞாயிறை ஆசரிக்கிறேன். ஆனால் ரோமர் 14-ஐ வாசித்த எவரும் இதற்காகச் சகோதரரைக் குற்றவாளியாக்கத் துணியக்கூடாது என்றே கருதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு அதிக வேலை. ஆராதனை முடிந்து வந்ததும் கறி சமைத்து, உறவினருக்குப் பரிமாறி, பாத்திரம் துலக்குவதற்குள் மாலையாகிவிடுகிறது. இது ஓய்வுநாளா?

இல்லை, சகோதரி. உங்கள் வீட்டில் மற்றவர்கள் ஓய்வுநாளை ஆசரிக்கிறார்கள். நீங்கள் அதற்கு வேலை செய்கிறீர்கள். இதைச் சபை நெடுங்காலம் கண்டும் காணாமல் இருந்தது என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். யாத்திராகமம் 20 இந்தக் கட்டளைக்குப் படைப்பைக் காரணமாகச் சொல்ல, உபாகமம் 5 எகிப்தின் அடிமைத்தனத்தை நினைவூட்டி, வேலைக்காரனும் வேலைக்காரியும் "உன்னைப்போல" இளைப்பாற வேண்டும் என்கிறது. அந்தப் பட்டியலில் மகனும் மகளும், மாடும் கழுதையும், அந்நியனும்கூட இருக்கிறார்கள். மனைவி தனியாகச் சொல்லப்படவில்லை. "நீ" என்ற சொல்லிலேயே அவளும் அடங்குகிறாள் என்றுதான் நான் வாசிக்கிறேன். ஆகவே அவளுடைய ஓய்வு பிறர் மனம் இரங்கித் தரும் சலுகையல்ல. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு மன்னா என்னும் வானத்து உணவு ஆறாம் நாளில் இரட்டிப்பாகக் கிடைத்தது. சுடுவதையும் வேகவைப்பதையும் அன்றே முடிக்கச் சொன்னார் மோசே. சனிக்கிழமையே மாவரைத்துப் புளிக்குழம்பு வைத்துவிடுங்கள். அந்த வேலையையும் கணவரும் பிள்ளைகளும் பகிர்ந்துகொள்ளட்டும். விருந்தைப் பண்டிகை நாட்களுக்கு ஒதுக்குங்கள். உங்கள் கணவர் இதைப் படிப்பாரானால், அவரிடம் நான் கேட்பதும் இதுவே.

நான் செவிலியர். மாதத்தில் இரண்டு ஞாயிறுகள் பணியில் இருக்கிறேன். பாவமா?

பாவமல்ல, மகளே. ஆசாரியர்கள் ஓய்வுநாளில் தேவாலயத்தில் வேலை செய்தும் குற்றமற்றவர்கள் என்று மத்தேயு 12-ல் இயேசுவே சொல்கிறார்; நானும் ஞாயிறன்று உழைப்பவனே, எனக்குத் திங்கட்கிழமைதான் ஓய்வு. உங்களுக்கு விடுமுறை கிடைக்கும் நாளைத் துணி துவைக்கவும் வங்கிக்கு அலையவும் செலவழித்துவிடாமல், அதன் பாதியையாவது ஜெபத்துக்கும் உறக்கத்துக்கும் விட்டுவையுங்கள்.

எனக்கு மளிகைக் கடை. நான் ஆராதனைக்குச் செல்லும்போது கடையைப் பையன்கள் பார்த்துக்கொள்கிறார்கள். அடைத்தே ஆக வேண்டுமா?

மேலே அந்தச் சகோதரிக்குச் சொன்ன வசனமே உங்களுக்கும் உரியது. உங்கள் கடையில் நிற்கும் பிள்ளைகள் எந்தச் சமயத்தவராயினும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். ஞாயிறன்று அடைக்க இயலாத ஊரானால், ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு முழு நாள் முறைவைத்து விடுப்புக் கொடுங்கள். அந்த நாளுக்கும் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.