கையெழுத்திட்ட ‘கீதாஞ்சலி’யில் ஓய்வுக்காலப் பணத்தைப் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 57. தாகூர் கையெழுத்திட்ட ‘கீதாஞ்சலி’ ஆங்கில முதல் பதிப்பு, மேக்மில்லன் 1913 என்று சொல்லி ஒரு வியாபாரி 3 லட்சம் ரூபாய் கேட்கிறார். வங்கி வைப்புநிதியில் 12 லட்சம் இருக்கிறது. அதிலிருந்து எடுத்து வாங்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில், அது முதல் பதிப்பே இல்லை. ஆங்கில ‘கீதாஞ்சலி’ 1912இல் லண்டனில் இருந்த ‘இந்தியா சொசைட்டி’ என்ற சங்கத்துக்காக அச்சானது. மொத்தம் 750 பிரதிகள். விற்பனைக்கு வந்தவை 250தான். மேக்மில்லன் பதிப்பு 1913 மார்ச்சில் வெளியாகி அந்த ஆண்டே பலமுறை மறு அச்சானது. தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எத்தனையாவது அச்சு என்பது அங்கே தெரிந்துவிடும். மறு அச்சு என்றால் நீங்கள் கொடுக்கும் பணம் ஏறக்குறைய முழுவதும் கையெழுத்துக்குத்தான்.

அந்தக் கையெழுத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். பேனா மை என்றால் காகித இழையில் இறங்கியிருக்கும், கோடுகள் குறுக்கிடும் இடத்தில் அடர்ந்திருக்கும். அச்சிட்ட நகல் என்றால் ஒரே சீராகவோ புள்ளிகளாகவோ தெரியும். கடிதத்திலிருந்து வெட்டி ஒட்டிய கையெழுத்தும் உண்டு. அதற்கு மதிப்பு வெகுவாகக் குறையும். விற்பவரே எழுதித் தரும் ‘அசல்’ சான்றிதழை நம்பாதீர்கள். பழைய ஏலப் பட்டியல், ரசீது, யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்ற விவரம், இவைதான் ஆதாரம். போலி என்று தெரிந்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் தராதவரிடம் வாங்கவே கூடாது.

எல்லாம் அசலாகவே இருந்தாலும் கணக்கு இடிக்கிறது. உதாரணத்துக்கு, இப்படியொரு புத்தகத்தை ஏலத்தில் 2 லட்சத்துக்கு எடுத்தால், வாங்குபவர் கட்டணம் 25 சதவீதம் சேர்ந்து 2.5 லட்சம் ஆகும். விற்கும்போது ஏல நிறுவனம் 15 சதவீதம் பிடித்தால், போட்ட பணம் கைக்கு வரவே புத்தகம் 2.94 லட்சத்துக்குப் போக வேண்டும். அதாவது விலை 47 சதவீதம் ஏற வேண்டும். ஐந்து ஆண்டில் அது நடந்தாலும் உங்கள் லாபம் பூஜ்யம். 7 சதவீத வைப்புநிதியில் அதே 2.5 லட்சம், வரிக்கு முன், சுமார் 3.5 லட்சம் ஆகியிருக்கும். அவசர மருத்துவச் செலவுக்குப் புத்தகத்தை ஒரே வாரத்தில் நல்ல விலைக்கு விற்கவும் முடியாது.

தாகூர் மீதுள்ள பிரியத்தால் வாங்குவதென்றால் அது வேறு விஷயம். ஓராண்டுச் செலவுக்கான பணத்தைத் தனியே ஒதுக்கிய பிறகு, சேமிப்பில் 5 சதவீதம், உங்களுக்கு 60,000 ரூபாய், அதுவே உச்சவரம்பு. அந்தத் தொகைக்குக் கையெழுத்தில்லாத, பக்கங்கள் முழுமையான, நூலக முத்திரை படாத ஒரு பழைய பதிப்பைத் தேடுங்கள்.

வாங்கியதை லேமினேட் செய்யாதீர்கள், கிழிசலில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், புது பைண்டிங்கும் வேண்டாம். மூன்றுமே மதிப்பைக் கெடுக்கும். அமிலமில்லாத அட்டைப் பெட்டியில், வெயில் படாமல், ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி வையுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். முதலீடாக வாங்கி 24 மாதத்துக்குப் பிறகு விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீத மூலதன ஆதாய வரி உண்டு. வாங்கிய விலையைக் காட்ட அந்தச் சீட்டு வேண்டும்.