டி.வி. இரவுக்கு என்ன கொறிக்கலாம்? வாசகர் கேள்வி – பதில்

சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் எட்டுப் பேர் கூடி டி.வி. பார்ப்போம். பாதி நேரம் நான் அடுப்படியிலேயே நிற்கிறேன். எதை, எவ்வளவு செய்தால் நானும் வந்து உட்கார முடியும்?
– வாசகி, ஈரோடு

அன்றிரவு எண்ணெய்ச் சட்டி ஒரே ஒரு பண்டத்துக்குத்தான் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பக்கோடா என்றால் பக்கோடா மட்டும். அதோடு பஜ்ஜியும் சேர்த்தால் உங்களுக்கு டி.வி. கிடையாது. மற்றவை இரண்டு நாள் முன்பே டப்பாவில் அடைத்து வைக்கக்கூடியவையாக இருக்கட்டும்: மசாலா கடலை, தட்டை, ரிப்பன் பக்கோடா. இவற்றில் ஏதாவது இரண்டு போதும். இவற்றுடன் எண்ணெய் இல்லாத ஒன்று, சுண்டலோ காரப்பொரியோ.

அளவு என்று பார்த்தால், பிறகு சாப்பாடு உண்டு என்றால் ஆளுக்கு 50 கிராம் உலர்ந்த நொறுக்குத் தீனியும் ஐந்தாறு பக்கோடாவும் தாராளம். இதுதான் ராத்திரிச் சாப்பாடே என்றால் சுண்டலை ஆளுக்கு ஒரு கிண்ணமாக உயர்த்துங்கள். பொரித்ததைக் கூட்ட வேண்டாம்.

வெங்காயப் பக்கோடா சட்டியிலிருந்து எடுக்கும்போது மொறுமொறுவென்று இருக்கிறது. ஹாட் பாக்ஸில் போட்டு அரை மணி நேரத்தில் நமத்துவிடுகிறது. சோடா சேர்த்தும் பார்த்துவிட்டேன்.
– வாசகர், திண்டுக்கல்

ஹாட் பாக்ஸ்தான் முதல் காரணம். சூடான பக்கோடாவிலிருந்து வரும் ஆவி வெளியே போக வழியில்லாமல் மூடியில் முட்டி, திரும்பப் பக்கோடா மேலேயே இறங்குகிறது. சோடா இதற்கு உதவாது. அது மேல்தோட்டை உப்பவைத்து எண்ணெயைத்தான் அதிகம் குடிக்க வைக்கும்.

இரண்டாவது காரணம் வெங்காயத்தின் ஈரம். எட்டுப் பேருக்கு அரைக் கிலோ பெரிய வெங்காயத்தை மெல்லிய நீளத் துண்டுகளாக நறுக்கி, ஒன்றரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கையால் நன்றாகப் பிசறிப் பத்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் விட்டுக்கொள்ளும். அந்தத் தண்ணீரிலேயே இரண்டு கப் கடலை மாவு, அரை கப் அரிசி மாவு, இரண்டு டீஸ்பூன் மிளகாய்த்தூள், ஒரு டீஸ்பூன் சோம்பு, கறிவேப்பிலை, இரண்டு மேசைக்கரண்டி சூடான எண்ணெய் எல்லாவற்றையும் போட்டுப் பிசறுங்கள். மாவு உதிர்ந்தால் மட்டும் தண்ணீரைக் கையில் தொட்டுத் தெளிக்கலாம். மாவு வெங்காயத்தில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும், வழியக் கூடாது. பிசறியதை அப்படியே வைத்திருந்தால் மேலும் தண்ணீர் விடும். அதனால் எண்ணெய் காய்ந்த பிறகு மாவைச் சேருங்கள்.

உருட்டாமல் உதிரியாகப் போட்டு, மிதமான தீயில் பொரிக்க வேண்டும். தீ அதிகமானால் மேலே சிவந்துவிடும், உள்ளே வெங்காயம் ஈரமாகவே இருக்கும். ஐந்தாவது நிமிடத்தில் அந்த ஈரம் வெளியே வந்து நமத்துப் போகும். சட்டியில் சலசலப்பு நன்றாக அடங்கிய பிறகே எடுங்கள். எடுத்ததைக் கம்பி வலைத் தட்டிலோ ஓட்டைச் சல்லடையிலோ பரப்புங்கள். செய்தித்தாள் வேண்டவே வேண்டாம். அச்சு மை உணவில் ஏறும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-லேயே எச்சரித்துவிட்டது.

நண்பர்கள் வருவதற்கு முன்பே வேலையை முடிக்க ஒரு வழி உண்டு. மாலையில் முக்கால் பதம் பொரித்து எடுத்து, மூடாமல் ஆறவிடுங்கள். பரிமாறும் முன் நன்றாகக் காய்ந்த எண்ணெயில் ஒரு நிமிடம் மறுபடி பொரித்தால் முதல் பொரிப்பைவிடக் கரகரப்பாக இருக்கும். காலிஃபிளவர் 65-க்கும் இது பொருந்தும். வாழைக்காய் பஜ்ஜிக்குப் பொருந்தாது. அதன் மேல்மாவு இரண்டாம் தடவை எண்ணெயைக் குடித்துவிடும்.

மசாலா கடலையில் மாவு தனியாக, கடலை தனியாகப் போய்விடுகிறதே?
– வாசகி, நாகர்கோவில்

காய்ந்த கடலையில் மாவைத் தூவிப் பிறகு தண்ணீர் விடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். வரிசையை மாற்றுங்கள். கால் கிலோ பச்சை நிலக்கடலையைத் தண்ணீரில் ஒரு தடவை அலசி உடனே வடித்துவிடுங்கள். தோல் ஈரமாக இருக்கும்போதே நான்கு மேசைக்கரண்டி கடலை மாவு, இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவு, ஒன்றரை டீஸ்பூன் மிளகாய்த்தூள், முக்கால் டீஸ்பூன் உப்பு, பெருங்காயம், தோலோடு தட்டிய பூண்டு ஆறு பல் சேர்த்துக் குலுக்குங்கள். தேவைப்பட்டால் ஒன்றிரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளிக்கலாம். எண்ணெயில் கைப்பிடியாகக் கொட்டாமல் உதிர்த்துப் போட்டு, முதல் அரை நிமிடம் கரண்டி போடாமல் விடுங்கள். மாவு இறுகும் முன் கிளறினால் உரிந்துவிடும்.

சூடாக இருக்கும்போது கடலை மெத்தென்றுதான் இருக்கும். இன்னும் வேகவில்லை என்று எண்ணித் தொடர்ந்து பொரித்தால் கசந்துபோகும். ஆறினால்தான் நொறுங்கும். முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள்.

சேலத்துத் தட்டுவடை செட்டை வீட்டில் செய்ய முடியுமா? செய்து பார்த்ததில் ஐந்து நிமிடத்தில் ஊறிப்போய்விட்டது.
– வாசகர், கோயம்புத்தூர்

இரண்டு தட்டைக்கு நடுவே சட்னியும் காய்கறியும் வைத்த இந்தச் செட்டைவிட நண்பர் கூட்டத்துக்குப் பொருத்தமான பண்டம் கிடையாது. ஆளுக்கு மூன்று செட் என்று வைத்தால் எட்டுப் பேருக்கு 48 தட்டை வேண்டும். இரண்டு கப் சலித்த அரிசி மாவு, இரண்டு மேசைக்கரண்டி வறுத்தரைத்த உளுத்தம் மாவு, இரண்டு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவு, ஒன்றரை மேசைக்கரண்டி வெண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், பெருங்காயம் சேர்த்துப் பிசைந்தால் ஏறக்குறைய அத்தனை வரும். கடலைப்பருப்பு போடாதீர்கள். சாப்பிடும் தட்டைக்கு அது ருசி, செட்டுக்கு மேல்பரப்பு சமமாக இருப்பதுதான் முக்கியம். சிறு நெல்லிக்காய் அளவு உருட்டி, இரண்டரை அங்குல அகலத்துக்குத் தட்டி, முள்கரண்டியால் ஐந்தாறு இடத்தில் குத்துங்கள். குத்தாவிட்டால் பூரிபோல் உப்பிக்கொண்டு காய்கறி மேலே நிற்காது.

ஊறிப்போவதற்குக் காரணம் சட்னியும் காய்கறியும்தான். சிவப்புச் சட்னிக்குப் பத்துக் காய்ந்த மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து, எட்டுப் பல் பூண்டும் உப்பும் சேர்த்துக் கெட்டியாக அரைத்து, கொஞ்சம் எண்ணெயில் வதக்கி ஈரத்தை வற்றவிடுங்கள். பச்சைச் சட்னி கொத்தமல்லி, புதினா, பச்சைமிளகாய், எலுமிச்சைச் சாறு. மிக்ஸியில் தண்ணீர் சேர்க்காமல், நிறுத்தி நிறுத்தி அரையுங்கள். இலைகளைக் கழுவியதும் துணியில் ஒற்றி உலர்த்திக்கொண்டால்தான் இது முடியும். துருவிய பீட்ரூட், கேரட்டைக் கையில் பிழிந்துவிடுங்கள். வெங்காயத்தைப் பொடியாக நறுக்குங்கள். இவற்றில் உப்புச் சேர்க்கவே கூடாது. உப்புப் பட்டதும் தண்ணீர் விட ஆரம்பித்துவிடும். தேவையான உப்பு சட்னியிலேயே இருக்கிறது.

ஒரு தட்டையில் சிவப்பு, அதன்மேல் காய்கறி, மூடும் தட்டையில் பச்சை. செட்டுகளை முன்கூட்டி அடுக்கி வைக்காமல் எல்லாவற்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள். அவரவர் சேர்த்துச் சாப்பிடட்டும். பீட்ரூட் கறை சோபாவில் பட்டால் போகாது. ஆளுக்கொரு சிறிய தட்டு கட்டாயம்.

எல்லாமே மொறுமொறு என்று இருந்தால் கடிக்கிற சத்தத்தில் வசனமே கேட்பதில்லை. மெதுவான பண்டம் ஏதாவது?
– வாசகி, தஞ்சாவூர்

பொடி மினி இட்லி. இட்லி ஆறிய பிறகே தட்டிலிருந்து எடுங்கள், சூட்டில் எடுத்தால் பிய்ந்துவிடும். இருபது இட்லிக்கு ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயை முதலில் புரட்டி, பிறகு இரண்டு மேசைக்கரண்டி பொடி. பொடியை முதலில் போட்டால் அது இட்லியின் ஈரத்தை இழுத்துத் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்ளும். இரண்டிரண்டாகப் பல்குச்சியில் குத்தி வைத்தால் ரிமோட்டில் எண்ணெய் ஏறாது. தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டலும் நல்ல தேர்வு. மாங்காயைக் கடைசியில் சேருங்கள்.

பாப்கார்ன் சோளத்தில் கால்வாசி பொரியாமல் அடியில் தங்குகிறது.
– வாசகர், மதுரை

சோளம் காய்ந்துவிட்டது. மணிக்குள் சுமார் 14 சதவீதம் ஈரம் இருக்க வேண்டும். அந்த ஈரம்தான் ஆவியாகி மணியை வெடிக்க வைக்கிறது. மூன்று கப் சோளத்துக்கு ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, பாட்டிலில் மூடிக் குலுக்கி இரண்டு மூன்று நாள் வைத்துப் பாருங்கள். பொரிக்கும்போது அரை கப் சோளத்துக்கு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். மூடியைச் சற்றே ஒருக்களித்து வைத்தால் ஆவி வெளியேறும், இல்லையென்றால் பொரி ரப்பராகும். உப்பை மிக்ஸியில் மாவாகப் பொடித்துத் தூவுங்கள், கல் உப்பு அடியில்தான் இறங்கும்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் கூட்டத்தில் இருந்தால் பாப்கார்னும் முழுக் கடலையும் அவர்கள் கைக்கு எட்டக் கூடாது. தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

மீந்த எண்ணெயை அடுத்த சனிக்கிழமை மறுபடி பயன்படுத்தலாமா?
– வாசகி, வேலூர்

ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டி இருட்டான இடத்தில் வைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் தாளிக்க, பொரியல் செய்யத் தீர்த்துவிடுவதே நல்லது. கடைகளுக்கு, எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது அதில் உருவாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. வீட்டில் அதை அளக்க முடியாது. நிறம் கறுத்தாலும், நுரை கட்டினாலும், வழக்கத்தைவிடச் சீக்கிரம் புகைந்தாலும் கொட்டிவிடுங்கள். புது எண்ணெயை அதில் கலந்து நீட்டிக்காதீர்கள். சட்டியைச் சிறியதாக எடுத்தால் அரை லிட்டரிலேயே எட்டுப் பேருக்குப் பொரிக்கலாம், மீதியும் குறையும்.